சென்றாயன் சொன்ன திசை

ஏரியூர் பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா, வருமானச் சான்று, ஆதார் திருத்தம், இவ்வளவுதான் என் உலகம். கடலை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் செருப்பைத் தொலைத்துவிட்டு வந்தேன். இப்படிப்பட்டவன் கடையில் உட்கார்ந்துதான் கோகிலவாணி கடலடியில் ஒரு நீர்மூழ்கிக் கப்பலைத் தேடினாள் என்றால் யாரும் நம்புவதில்லை. நம்பாதவர்களோடு நான் மல்லுக்கு நிற்பதும் இல்லை. ஆனால் ஊரில் அவளைப் பற்றி ஆளுக்கொரு கதை விடுகிறார்கள். ஒருத்தர் கப்பலில் வேலை என்கிறார், இன்னொருத்தர் ராணுவம் என்கிறார், ராணியம்மாள் ஓட்டலில் அவள் ஏதோ புதையல் எடுத்துவிட்டதாகவே பேசிக்கொள்கிறார்கள். ஒரு தடவை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

கோகிலவாணி தர்மபுரி அரசுக் கல்லூரியில் இயற்பியல் படித்தவள். படிப்பு முடிந்து சென்னையில் கடல் சர்வே செய்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு ஊருக்குத் திரும்பி வந்து வீட்டிலிருந்தே அந்த வேலையைச் செய்கிறாள். புருஷன் நவநீதன் பிக்கப் வண்டியில் பாலக்கோடு மண்டிக்குத் தக்காளி ஏற்றுகிறவன். அவள் வேலையை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். கப்பல் ஒன்று நீளமான கம்பியில் ஒரு கருவியைக் கட்டிக் கடலுக்குள் இழுத்துப் போகும். கருவி சத்தம் எழுப்பும், தரையில் பட்ட சத்தம் திரும்பி வரும், திரும்பிய சத்தம் கம்ப்யூட்டரில் படமாக விழும். மணல் மங்கலாகவும் இரும்பு பளிச்சென்றும் தெரியும், பின்னால் கறுப்பாக நிழல் விழும். அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, இது பாறை, இது வலை, இது உடைந்த தோணி என்று பிரித்துச் சொல்வது அவள் வேலை. அவள் வீட்டுப் பக்கம் மின்சாரம் எப்போது போகும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. என் கடையில் இன்வெர்ட்டர் உண்டு. அதனால் வாரத்தில் பாதி நாள் லேப்டாப்போடு என் கடையில்தான் இருப்பாள்.

அந்தக் கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு வேலை வந்தது. யுத்த காலத்தில், 1944 டிசம்பரில், வங்காள விரிகுடாவில் ஓர் ஆங்கிலேய நீர்மூழ்கி கண்ணிவெடியில் சிக்கி மூழ்கிப்போயிற்று. உள்ளே நாற்பத்து மூன்று பேர். ஒருத்தரும் தப்பவில்லை, எங்கே மூழ்கியது என்றும் யாருக்கும் தெரியவில்லை. செத்துப்போனவர்களின் குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து தேடச் சொன்னார்கள். மூன்று வருஷம், வருஷத்துக்கு ஒரு முறை கப்பல் போயிற்று. ஒன்றும் கிடைக்கவில்லை. நான்காவது முறை ஒன்பது நாள் மட்டும் தேடுவது, கிடைக்காவிட்டால் அத்தோடு நிறுத்திக்கொள்வது என்று முடிவாகிவிட்டது.

கோகிலவாணிக்கு அது சம்பளத்துக்குச் செய்கிற வேலையாக இருக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அவளுக்குப் பதினான்கு வயதாக இருக்கும்போது நாகமரையில் காவிரி வெள்ளத்தில் பரிசல் கவிழ்ந்தது. அதில் அவள் அப்பா கோவிந்தன் இருந்தார். மற்றவர்களின் உடல்கள் மூன்று நாளில் ஒதுங்கின, அவர் ஒதுங்கவில்லை. அவள் அம்மா முனியம்மாள் ஆற்றுப் பக்கமிருந்து வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி, பார்த்தீர்களா என்று கேட்டார். எல்லோரும் நல்லவர்கள். கிடைத்துவிடுவார் என்றார்கள். கொஞ்ச நாள் போனதும் அந்த வழியாக வருவதையே விட்டுவிட்டார்கள். ஒரு வருஷம் கழித்துப் புல்லில் உருவம் கட்டிக் காரியம் செய்தார்கள். அதற்குள் முனியம்மாள் சோறு இறங்காமல் பாதியாக இளைத்துவிட்டார். ஊர்க்காரர்களில் நானும் ஒருத்தன். கிடைத்துவிடுவார் என்று நானும் சொன்னேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த நாற்பத்து மூன்று பேரில் ஒருவருக்கு ஜோன் என்று ஒரு மகள். வயது எண்பத்தொன்று. அப்பா செத்து இரண்டு மாதம் கழித்துப் பிறந்தவர். மூன்றாவது தேடலும் வீணாய்ப் போனபோது தேடியவர்களுக்கெல்லாம் அந்தம்மா ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். கோகிலவாணி அதை என் கடையில் பிரிண்ட் எடுத்தாள். நன்றி சொல்லிவிட்டுக் கடைசியில், 'என் அம்மா சாகும்வரை வாசல் கதவின் உள்தாழ்ப்பாளைப் போட்டதில்லை' என்று எழுதியிருந்தார். கோகிலவாணி அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தாள். இந்தம்மாவுக்கு ஒரு பதில் சொல்லாமல் விடப்போவதில்லை என்றாள். சும்மா பேச்சுக்குச் சொல்கிற பெண் இல்லை அவள்.

கடைசித் தேடலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது கேப்டன் குல்கர்னி, புனேக்காரர், கடற்படையில் இருந்து ஓய்வு பெற்று இந்தத் தேடலுக்குத் தலைமை தாங்குபவர், பழைய ஆவணங்கள் அத்தனையையும் எல்லோருக்கும் அனுப்பினார். இருநூறு பக்கத்துக்கு மேல். யாருக்காவது ஏதாவது தோன்றினால் சொல்லலாம் என்றிருந்தார். இப்படி வருகிற ஃபைலை உலகத்தில் எவன் படிப்பான்? கோகிலவாணி படித்தாள். நான்கு நாள் என் கடை மூலையில் உட்கார்ந்து ஒரு பக்கம் விடாமல் படித்தாள். நான்காம் நாள் மத்தியானம் தனியாகச் சிரித்தாள்.

"அண்ணா, இந்தப் பேரக் கொஞ்சம் படிங்க" என்று திரையைத் திருப்பினாள்.

ஒரு நிலக்கரிக் கப்பலில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப்போட்ட ஆள் கொடுத்த வாக்குமூலம் அது. நீர்மூழ்கி மூழ்கியதைக் கண்ணால் பார்த்த ஒரே சாட்சி. அவன் கப்பலும் அதே மாதத்தில் மூழ்கிவிட்டது, அவன் மட்டும் பிழைத்துக் கரையேறியிருக்கிறான். யாரோ ஓர் அதிகாரி மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு துபாஷியை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். பெயர் 'செண்ட்ராயின்', ஊர் 'பினாக்ரம், சேலம்' என்று இருந்தது. ஓரத்தில் யாரோ ஓர் ஆராய்ச்சியாளர், கோவாக்காரராக இருக்கலாம் என்று குறிப்பு வேறு போட்டிருந்தார். நான் படித்தேன். ஒன்றும் ஓடவில்லை.

"வேகமாச் சொல்லிப் பாருங்க."

சொல்லிப் பார்த்தேன். சென்றாயன், பென்னாகரம். அப்போது நம் ஜில்லாவே சேலம்தான். சென்றாயன் என்ற பெயரில் என் தெருவில் மட்டும் மூன்று பேர் இருக்கிறார்கள், அதில் ஒருத்தர் என் மாமனார். கோவாவாம், கோவா.

வாக்குமூலம் எட்டே வரி. சூடு தாங்காமல் மேல்தளத்துக்கு வந்தேன், பொழுது மேல் பக்கம் இருந்தது, சங்குத்தீவு விளக்குக் கோபுரத்துக்குக் கீழ்ப் பக்கம் கறுப்பாக ஒரு படகு கிடந்தது, வெடித்துப் புகைந்தது, தலைகுப்புறப் போய்விட்டது, யாரும் வெளியே வரவில்லை. அவ்வளவுதான். பெரிய பெரிய ஆட்கள் அதைப் படித்து, சூரியன் மேலே இருந்ததால் நடுப்பகல் என்றும், வரைபடத்தில் கீழ்ப் பக்கம் என்பது தெற்கு என்றும் கணக்குப் போட்டார்கள். நிலக்கரிக் கப்பல் தெற்கிலிருந்து வடக்கே போனது. அதன் வேகப்படி நடுப்பகலில் அது விளக்குக்கு முப்பத்தைந்து மைல் தெற்கேதான் இருந்திருக்கும். இரண்டும் பொருந்திவிட்டது. ஒரு தப்புக்கு இன்னொரு தப்பு சாட்சி சொன்னால் தீர்ப்பு பலமாகத்தானே இருக்கும்? மூன்று வருஷம் தெற்கே தேடினார்கள்.

எங்கள் பக்கத்தில் இடது வலது என்பது வண்டி ஓட்டுகிறவனுக்கு மட்டும்தான். மற்றவர்களுக்கு மேலாண்ட, கீழாண்ட. மேற்கு மேலாண்ட, கிழக்கு கீழாண்ட. வீட்டுக்குள்ளேயே சொம்பு மேலாண்ட சுவரோரம் இருக்கிறது என்போம். பஸ்ஸில் கீழாண்ட சீட்டில் உட்காரு என்போம், பஸ் வளைவில் திரும்பினால் அது மேலாண்ட சீட்டாகிவிடும், அதிலும் எங்களுக்குக் குழப்பம் வராது. சென்றாயன் பொழுது மேலாண்ட இருந்தது என்று சொல்லியிருக்கிறான். மேற்கே சாய்ந்துவிட்டது, சாயங்காலம் என்று அர்த்தம். விளக்குக்குக் கீழாண்ட என்றால் கிழக்கே. துபாஷி எந்த ஊர்க்காரரோ, மேல் பக்கம் கீழ்ப் பக்கம் என்று சொல்லுக்குச் சொல் மாற்றிவிட்டார். சாயங்காலத்துக்குள் கப்பல் வடக்கே நகர்ந்து சரியாகத் தீவுக்குக் கிழக்கே வந்திருக்கும். எல்லாம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது, எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்.

கேப்டன் குல்கர்னி கெட்டவர் இல்லை, ஆனால் கறார். கோகிலவாணி போனில் இதைச் சொன்னதும், கரி அள்ளுகிற ஒருத்தன் பேச்சை வைத்து மொத்தக் கணக்கையும் மாற்ற முடியாது என்றார். தீவுக்குக் கிழக்கே கடல் ஆயிரத்து நானூறு மீட்டர் ஆழம், ஒன்பது நாளில் கொஞ்சம் இடம்தான் பார்க்க முடியும் என்றார். கோகிலவாணி ஒன்றே ஒன்று கேட்டாள். முப்பத்தைந்து மைல் தூரத்திலிருந்து ஒரு விளக்குக் கோபுரம் மனிதக் கண்ணுக்குத் தெரியுமா என்றாள். அந்த முள் அவரையும் உறுத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கடைசியில், உங்கள் ஊரில் அப்படித்தான் பேசுகிறார்கள் என்பதற்குத் திங்கட்கிழமைக்குள் அத்தாட்சி கொடு என்றார்.

அத்தாட்சிக்கு எங்கே போவது? அகராதியில் ஊர்ப் பேச்சு இருந்தாலும் பென்னாகரத்துக்காரன் அப்படிப் பேசுவான் என்று அதில் போட்டிருக்காது. சனிக்கிழமை காலை நவநீதனின் வண்டியில் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே நானும் அவளும் பாலக்கோடு மண்டிக்குப் போனோம். அங்கிருந்து பென்னாகரம். கண்ணில் பட்ட பெரியவர்களிடம் எல்லாம் ஒரே கேள்வி, பொழுது எந்தப் பக்கம் சாயும்? நான் செல்போனில் படம் பிடித்தேன். மேலாண்ட என்றார்கள். ஒருத்தர், படிச்ச புள்ளைக்கு இதுகூடத் தெரியாதா என்று எங்களையே திட்டினார். கன்னடம் பேசுகிற தக்காளி வியாபாரி ஒருத்தர் மேற்கைப் படுவலு என்று சொல்லி ஆட்டத்தைக் கலைத்தார். அவரையும் சேர்த்து இருபத்து மூன்று பேர். ஒவ்வொருவர் பேச்சையும் ஆங்கிலத்தில் எழுதி ஞாயிற்றுக்கிழமையே அனுப்பிவிட்டாள்.

குல்கர்னி இறங்கி வந்தார். கிழக்கே ஆறு நாள், கிடைக்காவிட்டால் மிச்சம் மூன்று நாள் தெற்கே என்றார். கிழக்கே எந்த இடத்தில் தேடுவது என்று ஒரு சதுரத்தைக் கோகிலவாணியே வரைந்து கொடுத்தாள்.

கப்பல் போயிற்று. முதல் நாள் மணல். இரண்டாம் நாள் மணல். மூன்றாம் நாள் ஒரு பாறைத்தொடர் தென்பட்டு எங்கள் உயிரை எடுத்தது. என் கடைக்கு ஜாதகம் பிரிண்ட் எடுக்க வந்தவர்கள்கூட, கப்பல் கிடைத்ததா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவள் சாப்பிட மறந்தாள், நான்தான் ராணியம்மாள் ஓட்டலில் இட்லி வாங்கி வந்து அதட்டுவேன். ஆறாம் நாள் சாயங்காலமும் மணல்தான்.

அன்று இணையக் கூட்டத்துக்கு என் கடையில்தான் உட்கார்ந்தாள், அவள் வீட்டில் மின்சாரம் இல்லை. குல்கர்னி திரையில் வந்தார், கோபமில்லாமல் பேசினார், சொன்னபடி நாளைக் காலை தெற்கே திரும்புகிறோம் என்றார். கோகிலவாணி முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, ஜெராக்ஸ் மெஷினைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். அவள் இங்கிலீஷில் பேசினாள். நம் பேச்சில் சொல்கிறேன்.

"சார், சென்றாயன் சரியாத்தான் சொல்லியிருக்காரு. தப்பு என்னுதுங்க."

என்ன தப்பு என்று அவர் கேட்டார்.

"டிசம்பர் மாசங்க. மார்கழியில பொழுது நேரா மேக்கால சாயாது, தெக்கத்தி ஒதுங்கித்தான் சாயும். அவரு பொழுதப் பாத்துத்தான் மேலாண்டன்னு சொன்னாரு. அப்ப அவரோட கீழாண்ட வடக்கத்தி ஒதுங்கும். நான் மேப்பப் பாத்து நேர் கிழக்கால கோடு போட்டுட்டேன். நாலஞ்சு மைல் வடக்கத் தள்ளிப் பாக்கணும்ங்க."

ஆறு நாள் தப்பான இடத்தைக் காட்டிவிட்டு இன்னும் மூன்று நாள் கேட்கிறாயா என்றார் அவர். ஆமாம் சார், கேட்கிறேன் என்றாள். மழுப்பவில்லை, கெஞ்சவும் இல்லை. காட்டில் வெள்ளாமை செய்கிற குடும்பத்துப் பெண், மார்கழி வெயில் களத்தில் எந்த மூலையில் விழும் என்று சின்ன வயதிலிருந்து பார்த்தவள், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் அதை மறந்துவிட்டாள். மறந்ததை இருபது பேர் கேட்கிற கூட்டத்தில் ஒத்துக்கொண்டாள். நானாக இருந்தால் இணையம் போய்விட்டது என்று சொல்லிக் கழன்றிருப்பேன். குல்கர்னி கண்ணாடியைக் கழற்றி வைத்தார், வரைபடத்தைப் பார்த்தார், கடைசியில் வடக்கே போகலாம் என்றார்.

எட்டாம் நாள் பதினொரு மணி சுமாருக்குப் படம் வந்தது. நீளப் பட்டையாக வந்த அந்தப் படத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு வெளிச்சக் கீற்று, பின்னால் நிழல். எனக்கு அது முருங்கைக்காய் மாதிரி இருந்தது. கப்பலில் இருந்தவர்கள் பாறை என்று தாண்டிவிட்டிருந்தார்கள். அவள் படத்தைப் பெரிதாக்கி, நிழலின் ஓரத்தில் விரலை வைத்து ஓட்டினாள்.

"பாறைக்கு இவ்ளோ நேரான ஓரம் கெடையாதுண்ணா" என்றாள்.

கப்பலைத் திருப்பச் சொல்லி, இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்க்கச் சொன்னாள். மூன்று மணிக்கு அடுத்த படம் வந்தது. நீண்ட உடல், நடுவில் கோபுரம், முன்பகுதி உடைந்து மணலில் புதைந்திருந்தது. விளக்குக்குக் கிழக்கே, கொஞ்சம் வடக்கே ஒதுங்கி, எண்பது வருஷமாக அங்கேயேதான் கிடந்திருக்கிறது. நான் கடையை விட்டு வெளியே வந்து நின்றேன். பேருந்து நிலையத்தில் இருந்தவர்களுக்கு நான் ஏன் அழுகிறேன் என்று புரிந்திருக்காது. ஒன்பதாம் நாள் கேமராவை இறக்கி உறுதி செய்தார்கள். எதையும் தொடவில்லை. அது கல்லறை, தொடக்கூடாது என்பது சட்டம்.

இரண்டு வாரம் கழித்துக் குடும்பங்களுக்குப் படங்களைக் காட்டக் கூட்டம் வைத்தார்கள். படத்தை விளக்கிச் சொல்லக் கோகிலவாணியைக் கூப்பிட்டிருந்தார்கள். அன்றைக்கும் மின்சாரம் இல்லை, என் கடைதான். முனியம்மாள் முதியோர் உதவித்தொகை விஷயமாக ஆதார் நகல் எடுக்க வந்தவர், மகள் பேசுவதைப் பார்த்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கோகிலவாணி இது கோபுரம், இது பின்பக்கம், இது நிழல் என்று நிதானமாகச் சொல்லி முடித்தாள். யாருக்காவது சந்தேகம் உண்டா என்று குல்கர்னி கேட்டார்.

திரையின் மூலையில் ஒரு வயதான அம்மா, தோளில் சால்வை. அவர்தான் ஜோன். ஒரே ஒரு கேள்வி என்றார். என் அப்பா அதற்குள்ளே இருக்கிறாரா என்று கேட்டார்.

குல்கர்னி, ஆவணங்களின்படி உறுதியாக எதையும் சொல்வது கடினம் என்று ஆரம்பித்தார். நல்ல மனிதர், ஆனால் பேச்சு அந்த வழியாகத்தான் போயிற்று. கோகிலவாணி மேஜையைப் பிடித்துக்கொண்டாள். அவர் முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. இருக்கிறார் அம்மா, உள்ளேதான் இருக்கிறார் என்றாள். உங்கள் அப்பாவுக்கு வேலை இயந்திர அறையில். அந்த அறைக்கு மேலே உள்ள மூடியும் பின்னால் உள்ள மூடியும் மூடியே இருக்கின்றன, கேமராவில் நானே பார்த்தேன். யாரும் வெளியே வரவில்லை என்று பார்த்த ஒருத்தர் சொல்லியிருக்கிறார், அவர் எங்கள் ஊர்க்காரர், அவர் சொன்ன மற்றதெல்லாம் சரியாக இருந்தது என்றாள்.

அந்தம்மா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு கையை எடுத்துவிட்டு, நன்றி என்றார். இன்னும் கொஞ்ச நேரம் படத்தை அப்படியே வைத்திருக்க முடியுமா என்று கேட்டார். வைத்திருந்தார்கள். யாரும் இணைப்பைத் துண்டிக்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் முனியம்மாள் பெஞ்சிலிருந்து கேட்டார், "அந்தம்மா என்ன கேட்டுது?"

"அவங்கப்பா உள்ள இருக்காரான்னு கேட்டாங்கம்மா."

"நீ என்ன சொன்ன?"

"இருக்காருன்னு சொன்னேன்."

முனியம்மாள் கொஞ்ச நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இப்போது படம் எதுவும் இல்லை.

"இனிமே அந்தம்மாவுக்குச் சோறு எறங்கும்" என்றார்.